வண்டி அக்கா பாதியில் விட்ட நாவல்

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் வண்டி அக்கா. பத்தொன்பது வருடமாக வார்டு வார்டாகப் புத்தக வண்டி தள்ளுகிறவளுக்கு வேறென்ன பேர் வரும்? ஊரெல்லாம் விற்கிற புத்தகங்கள் அவளுக்கு ஆகவே ஆகாது. மாடி அறையில் இரண்டு பேர் உட்கார்ந்து நடத்தும் பதிப்பகங்களாகத் தேடிப் பிடித்துக் கடிதம் போடுவாள். துப்பறியும் கதை, பேய்க்கதை, பயணக் குறிப்பு, நட்சத்திரங்களைப் பற்றிய புத்தகம், கவிதை என்று பார்சல் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் கடைசி வரி வரை படித்து, 'தூக்கம் வராதவர்களுக்கு', 'கோபக்காரர்களுக்கு' என்று சீட்டு ஒட்டிய பிறகுதான் வண்டியில் ஏற்றுவாள். அந்த விஷயத்தில் மகா பிடிவாதக்காரி.

அந்தப் பிடிவாதம் ஒரே ஒரு தடவை சறுக்கியது. புதுப் பதிப்பகம் ஒன்று தன் முதல் நாவலை இரண்டு பிரதி அனுப்பியிருந்தது. இருபது பக்கம் படித்தாள், வயிறு வலிக்கச் சிரித்தாள். தங்கை வீடு மாறுகிற வேலை வேறு கழுத்தைப் பிடித்தது. 'சிரிக்க' என்று சீட்டு ஒட்டி, இதய ஆபரேஷனுக்குக் காத்திருந்த தையல்காரரிடம் நீட்டிவிட்டாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் இன்னொரு பிரதியை விரித்தாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், கதையில் அத்தனை பேரையும் சிரிக்க வைத்த மனுஷன் இதய ஆபரேஷன் மேஜையிலேயே செத்துப்போகிறான். இதைப் படித்துவிட்டு அவர் ஆபரேஷனே வேண்டாம் என்று எழுந்து போய்விட்டால்? பயந்தே ஏதாவது ஆகிவிட்டால்? பாவி, நாலு மணி நேரம் உட்கார்ந்து படிக்க உனக்கு வலித்ததா என்று தன்னையே திட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி மாடிப்படி ஏறி ஓடினாள்.

கட்டில் காலி. ஆபரேஷன் தியேட்டர் வாசல் பெஞ்சில் தையல்காரர் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த நாவல்.

"அவர் பிரிக்கவே இல்லக்கா. நீ படி, வந்ததும் எனக்குக் கதை சொல்லுன்னு குடுத்துட்டுப் போனாரு. இதுலயும் ஒருத்தருக்கு இதே ஆபரேஷன்தான். இப்பதான் உள்ள கொண்டு போறாங்க."

விரிந்திருந்தது நூற்றுப் பத்தாம் பக்கம். வண்டி அக்கா கையை நீட்டினாள். "குடுங்க. அப்புறமா படிக்கலாம்."

அந்த அம்மா புத்தகத்தை விடவில்லை. "ஏன்? அவருக்கு என்ன ஆகுது?"

"நல்லபடியா வெளிய வந்துடறாரு."

"நீங்க முழுசாப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

தையல்காரர் மனைவி புத்தகத்தைக் கொடுத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ அவர் வர்ற வரைக்கும் என்கூட இருங்க."

இருந்தாள். கேட்டது கதையில் வருகிறவனைப் பற்றியா, புருஷனைப் பற்றியா என்பது தெரியாதா அவளுக்கு? உள்ளே ஏதாவது ஆகிவிட்டால் இந்த முகத்தை எப்படிப் பார்ப்பது? கதவுப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது. மூன்று மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கடைசியில் கதவு திறந்து நர்ஸ் வந்தாள். "நல்லா இருக்காருமா. பயப்பட ஒண்ணுமில்ல."

"தெரியும். அக்கா அப்பவே சொல்லிட்டாங்க" என்றாள் தையல்காரர் மனைவி.

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். வண்டி அக்கா புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.