ராமதாஸின் மூன்றாவது ஸ்கேன்

ஜாய்ஸ் செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். அச்சரப்பாக்கத்தில் பிறர் நிலத்தில் நாற்று நட்ட அப்பா அம்மாவுக்கு மூத்த மகள். வேலையில் கெட்டிக்காரி என்று பெயர். ஆனால் ராமதாஸ் விஷயத்தில் மட்டும் இரண்டு முறை தோற்றுப்போனாள்.

கோவளத்தில் சுற்றுலா வேன் ஓட்டியவர் ராமதாஸ். மூளைக் கட்டியை எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்த பிறகு அதே இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. கட்டி திரும்ப வளர்கிறதா, கதிர்வீச்சு விட்டுப்போன வடுவா? சாதாரணப் படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அந்த இடத்து ரசாயனங்களை அளந்து காட்டும் ஸ்பெக்ட்ராஸ்கோபி ஸ்கேனில் ஓரளவு பிரித்தறியலாம். ஆனால் அதற்கு வெகுநேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். ராமதாஸுக்கோ குழாய்க்குள் போனாலே மூச்சு முட்டும். இரண்டு முறையும் பாதியிலேயே வெளியே வந்துவிட்டார். மறுபடி மண்டையைத் திறந்து பார்ப்பதுதான் வழி என்று பேச்சு வந்தது. அவர் மனைவி வரலட்சுமி வராந்தாவில் உட்கார்ந்து அழுததை ஜாய்ஸால் மறக்க முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் இயந்திரத்துக்குப் புதிய மென்பொருள் வந்தது. ஒவ்வொரு இடமாக அளக்காமல், மூளையிலிருந்து வரும் சிக்னலைச் சுருள் சுருளாக ஒரே வீச்சில் அள்ளிவிடும். நேரம் கால்பங்காகக் குறைந்தது. முதலில் நோயில்லாத ஒருவரை வைத்துச் சோதிக்க வேண்டும் என்றார் ஸ்கேன் பிரிவின் டாக்டர் ஹரிப்ரியா.

"நானே படுக்கிறேன் மேடம்" என்றாள் ஜாய்ஸ்.

எத்தனையோ பேரை உள்ளே அனுப்பியவள், தானே உள்ளே போனது அன்றுதான். இரைச்சலைத் தாங்க முடிந்தது. ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை சத்தம் நின்றபோதுதான், எல்லாரும் தன்னை விட்டுப் போய்விட்டதுபோல் நெஞ்சு படபடத்தது.

சோதனைப் படம் தெளிவாக வந்தது. மறுநாள் ராமதாஸுக்குப் போன் செய்தாள்.

"வேணாம்மா. உள்ள போனா உசுரே போயிட்டு வருது."

"நானே படுத்துப் பாத்தேண்ணா. சத்தம் நின்னா எனக்கும் பயமாத்தான் இருந்திச்சு. இந்த வாட்டி அப்பல்லாம் நான் பேசிகினே இருக்கேன்."

"இன்னா சொல்ற, நீயே படுத்தியா?" சற்று யோசித்தார். "சரி, வரேன்."

சொன்னபடியே, இயந்திரம் ஓய்ந்தபோதெல்லாம் ஜாய்ஸ் மைக்கில் பேசினாள். "பாதி முடிஞ்சிதுண்ணா, அப்டியே இருங்க." ராமதாஸ் அசையவில்லை.

வெளியே வந்ததும் கேட்டார்: "அவ்ளோதானா? இன்னும் பாதி பாக்கி கீதுன்னு நென்ச்சிகினு கீறேன்!"

வளரும் கட்டியில் கூடியிருக்க வேண்டிய கோலின் என்ற ரசாயனம் அந்தப் புள்ளியில் கூடவில்லை. "வடு மாதிரிதான் தெரியுது. இத மட்டும் வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், சில மாசம் கழிச்சுப் பாப்போம்" என்றார் ஹரிப்ரியா. வரலட்சுமி ஜாய்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த படத்தில் புள்ளி கொஞ்சம் சுருங்கியிருந்தது. வேன் ஓட்ட ராமதாஸுக்கு இன்னும் அனுமதி இல்லை. மாமல்லபுரம் போகிற வண்டிகளுக்கு ஆள் ஏற்றிவிடும் வேலையைப் பார்க்கிறார். அதற்கடுத்த ஸ்கேனுக்கு அவரே தேதி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.