வாய் வைத்துக் குடித்த செம்பு

எனக்குக் கல்யாணமான புதுசு. பாப்பாரப்பட்டி பக்கத்தில் எங்கள் வூட்டு வாசலில் டாக்சி வந்து நின்றது. கவுன் போட்ட, எங்களைப் போலவே கறுத்த ஒரு அம்மா இறங்கினார்.

"டிரினிடாட் தீவாம். இவங்க பாட்டனோட அம்மா இந்த ஊர்லயிருந்துதான் கரும்பு வெட்டக் கப்பலேறிப் போனாங்களாம். குடிக்கத் தண்ணி கேக்கறாங்க," என்றார் டிரைவர் பாய்.

என் மாமியார் வாசலை மறித்தார். "என்ன சாதின்னு கேளுங்க பாய்."

கேட்டதும் அந்த அம்மா சிரித்துவிட்டார். "ஒரே கப்பல்ல போனவங்க எல்லாம் அங்க கூடப்பிறந்த மாதிரியாம். அவங்களுக்குள்ள பொண்ணு கொடுத்து எடுக்கக்கூட மாட்டாங்களாம்," என்றார் பாய்.

"கப்பல் ஒரு சாதியா? கையில ஊத்துடி," என்றார் அத்தை.

குனிந்து கை குவித்துக் குடிக்கும் வழக்கம் அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. நான் கொண்டுவந்த செம்பை வாங்கக் கை நீட்டினார். கொடுத்துவிட்டேன். வாய் வைத்தே குடித்தார்.

கார் போனதும் அத்தை கத்தினார். "அந்தச் செம்பு உள்ள வந்தா, நீ உங்கம்மா வூட்டுக்குப் போயிரு!"

எதிர்த்துப் பேசத் தெரியாதவள் நான். மிச்சத் தண்ணீரை வாய் வைத்துக் குடித்தேன். "இப்ப நானும் வெளியவே நிக்கட்டுங்களா, அத்தை?"

அத்தை செம்பையும் என்னையும் முறைத்தார். பிறகு, "உலை கொதிக்குது, வா," என்றார்.

செம்போடுதான் உள்ளே போனேன். அந்த அம்மாவின் பேர்கூட எனக்குத் தெரியாது. ஆனாலும் அவருடைய பாட்டனின் அம்மா ஏறிய கப்பலில் எனக்கும் ஓர் இடம் இருந்ததாகவே இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.