மங்குக்கு அடியில்

ஈரத்துணியால் துடைத்த மரமேசையிலிருந்து எனாமல் குவளையைத் தூக்கும்போது 'ப்ளக்' என்று ஒரு சின்ன ஓசை எழும். அடிவட்டத்தில் சிக்கிய நீர் மனமின்றிப் பிடியை விடுகிற ஓசை அது. அதைக் கேட்டால் இந்த வயதிலும் என் நெஞ்சு ஒரு கணம் வேகமாக அடித்துக்கொள்கிறது. ஏனென்றால், ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவின் சுங்கைப் பட்டாணி ரயில் நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் இருந்த ஒரு சாப்பாட்டுக் கடையில், நடுப்பகல் பந்தி முடிந்து கடைசி ஆளும் தெருவில் இறங்கிய பிறகு, மேசை மேசையாகப் போய் அந்தக் குவளைகளைத் தூக்கிப் பார்க்கும் உரிமை ஒன்பது வயதுச் சிறுமியாகிய எனக்கு மட்டுமே இருந்தது. எனாமல் பாத்திரத்தை நாங்கள் 'மங்கு' என்போம். ஒவ்வொரு மங்குக்கு அடியிலும் ஏதோ ஒன்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்த 'இருக்கலாம்' தந்த பரபரப்பைப் பிற்காலத்தில் நான் பிரித்த எந்தப் பரிசுப் பொட்டலமும் தந்ததில்லை.

நாங்கள் பட்டணத்துக்காரர்கள் அல்லர். பீடோங்குக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். சண்டை வந்ததும் பால் வெட்டு நின்றது. பால் வெட்டு நின்றதும் அரிசிப் படி நின்றது. பிறகு ஒரு காலையில், சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று ஒரு லோரி வந்து நின்றது. "சீக்கிரம் வந்துருவேன், புள்ளைங்கள பத்தரமா பாத்துக்க" என்று சொல்லி ஏறிப்போன அப்பா திரும்பி வரவேயில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அம்மா என்னையும் தம்பி முத்துவையும் கூட்டிக்கொண்டு பட்டணத்துக்கு நடந்தாள். அவள் பெயர் அஞ்சலை. சாமிக்கண்ணு முதலாளியின் கடையில் பின்கட்டு வேலை கிடைத்தது: சோற்றுக்குப் பதிலாக வைத்த மரவள்ளிக் கிழங்கை உரிப்பது, ஆட்டுவது, அடுப்பெரிப்பது. கூலி இரண்டு வேளைச் சாப்பாடும், கொஞ்சம் 'வாழைமர நோட்டும்'. ஜப்பான்காரன் அச்சடித்த அந்த நோட்டில் வாழைமரம் குலை தள்ளி அழகாக நிற்கும். கட்டாகக் கொண்டுபோனால் கைப்பிடி உப்புக் கிடைக்கும். அடுத்த வாரம் அதுவும் கிடைக்காது.

அம்மாவுக்கு அந்நாளில் இருந்த பெருங்கவலை முத்துதான். ஒருநாள் விட்டு ஒருநாள் அவனுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. விறகுக்கட்டுக்குப் பக்கத்தில் கோணிச்சாக்கில் சுருண்டு கிடந்து, பல் அடிக்க நடுங்குவான். 'கொயினா' மாத்திரை கொடுத்தால் அடங்கும் என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். ஆனால் கொயினா எங்கே இருந்தது? மறைவாக வைத்திருந்தவர்கள் அரிசி கேட்டார்கள், பொன் கேட்டார்கள். அம்மாவின் காதில் அப்போதே ஈர்க்குச்சிதான் இருந்தது.

கடையில் பரிமாறியவர் ஆறுமுகம் அண்ணன். தோளில் துண்டும் கையில் வாளியுமாக அவர் மேசைகளுக்கிடையே வழுக்கிக்கொண்டு போவதைப் பார்க்கவே கூட்டம் வரும். சாப்பிட்டவர்கள் எழுந்து போகும்போது அவருடைய சட்டைப்பையில் ஒரு நோட்டையோ சுருட்டையோ செருகிவிட்டு முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். அதற்குச் 'சுருட்டுக் காசு' என்று பெயர். சயாமுக்கு மறுபடி ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு எழுந்ததும், அவர் சொல்லாமல் கொள்ளாமல் கோத்தா கோலா மூடாவுக்குப் போய் மீன்படகில் ஏறிவிட்டார்.

அன்றைய நடுப்பகல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இலை போட்டாயிற்று, ஆட்கள் உட்கார்ந்தாயிற்று, பரிமாற ஆளில்லை. பணப்பெட்டியை விட்டு எழ முடியாமல் முதலாளி கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகி, வாளியைத் தூக்கினாள்.

"என்னா மொதலாளி, பொம்பள பரிமாறுற கடையாப் போச்சா?" என்று தலைப்பாகைக்காரர் ஒருவர் இலையை விட்டு எழுந்தார்.

"உக்காருங்க பெரியவரே, ஒங்க வீட்ல யாரு பரிமாறுறா? ஒங்க அப்பாவா?" என்றார் மூலையிலிருந்த மாட்டுவண்டிக்காரர் காளியப்பன். கடை சிரித்தது. தலைப்பாகைக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு அம்மாவைக் காப்பாற்றியது. ஆனால் சிக்கலைக் கொண்டு வந்தவரும் அதே காளியப்பன்தான். சாப்பிட்டு எழுந்தவர், பழகிய கையோடு, ஒரு வாழைமர நோட்டை அம்மாவின் பக்கம் நீட்டினார். பெண்பிள்ளை கையில் பிற ஆண் ஒருவன், நாலு பேர் பார்க்க, பணம் கொடுப்பதா! அம்மா கையை இழுத்துக்கொண்டாள். நோட்டு தரையில் விழுந்தது.

"நான் வேல செய்ய வந்தவண்ணே. கை நீட்ட வந்தவ இல்ல."

காளியப்பன் முகம் கறுத்துப்போயிற்று. குனிந்து நோட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். இனி அவர் வரமாட்டார், அவரோடு நாலு வண்டிக்காரர்களும் வரமாட்டார்கள் என்று முதலாளி அன்று முழுதும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். எங்கள் கிழங்கு போய்விடுமோ என்று நான் பயந்தேன்.

மறுநாள் அவர் வந்தார். தலை நிமிராமல் சாப்பிட்டார், போனார். மேசை துடைக்கப்போன அம்மா மங்கைத் தூக்கினாள். 'ப்ளக்.' அடியில் வாழைச்சருகில் மடித்த ஒரு சின்னப் பொட்டலம். பிரித்தால் உப்பு! வெள்ளை வெளேரென்ற உப்பு! அம்மா அதைப் பொத்திக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினாள், நானும் ஓடினேன். மணிக்கூண்டு வரைக்கும் ஓடினோம்.

"அண்ணே! காளியப்பண்ணே! உப்ப மறந்துட்டுப் போறீங்க!"

அவர் கேளாதவர்போல மாட்டை விரட்டினார். அம்மா விடவில்லை. கடைசியில் மாடுகள்தான் இரக்கப்பட்டு நின்றன.

"மறக்கல தங்கச்சி. ஒனக்குத்தான் வச்சேன்."

"எனக்கு எதுக்கு? மொதலாளி கூலி குடுக்கிறாரே."

"கூலி மொதலாளி குடுக்கிறது. இது சாப்புட்டவன் குடுக்கிறது." அவர் தலையைச் சொறிந்தார். "நேத்து கிழங்கு வைக்கிறப்ப, கருகின துண்டத் தள்ளிட்டு நல்லதா பாத்து வச்ச. நான் பாத்தேன். பாத்தேன்னு எப்படிச் சொல்றது? ஆறுமுகத்துக்குன்னா பையில சொருகிருவேன். ஒனக்கு எங்க சொருக? அதான் மங்குக்கு அடியில வச்சேன். வேணாம்னா மாட்டுக்குப் போடு, அதுக்கும் உப்புன்னா உசுரு."

அம்மா சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். உப்பை மடியில் கட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

செய்தி தெருவெல்லாம் பரவிவிட்டது. அதன்பிறகு என் நடுப்பகல்கள் திருவிழாவாகிவிட்டன! வண்டிக்காரர்கள், ரயில் நிலையத்துச் சுமைக்காரர்கள், கருவாடு விற்க வரும் கோத்தா கோலா மூடா ஆட்கள் எல்லாரும் இந்தப் புது வழக்கத்தைப் பற்றிக்கொண்டார்கள். செல்லாத நோட்டை எவரும் வைக்கவில்லை. தம்மிடம் இருந்ததில் ஒரு துளியை வைத்தார்கள். தீக்குச்சிகள், ஒரு சட்டைப் பொத்தான், சீனிக்குப் பதிலாக நாங்கள் நக்கித் தின்ற நிப்பா பனை வெல்லத் துணுக்கு, மெழுகுவத்தி முனை, நெத்திலி. ஒரு குறும்புக்காரர் சுருண்ட மரவட்டையை வைத்துவிட்டுப் போனார். நான் போட்ட கூச்சலில் ரயில் நிலையமே திரும்பிப் பார்த்திருக்கும். அம்மா கோபிக்கவில்லை, "வச்சவருக்கு இன்னிக்கு வேற ஒண்ணும் கெடைக்கல போல" என்று மறுநாள் எல்லார் காதிலும் விழச் சொன்னாள். அன்று ஒரு மங்குக்கு அடியில் நூல் கோத்த ஊசி இருந்தது. ஊசிக்கு அந்நாளில் என்ன மதிப்பு என்பது கிழிசல் உடுத்தியவர்களுக்குத்தான் தெரியும்.

அம்மா இதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தாள். கடைசி ஆள் போகும்வரை எந்த மங்கையும் தூக்கக் கூடாது. எடுத்ததையெல்லாம் ஒரே முறத்தில் கொட்டிக் கலந்துவிட வேண்டும். "யாரு வச்சான்னு தெரிஞ்சா, நாளைக்கு என் கை அவுங்க எலப் பக்கம் சாஞ்சிரும்" என்பாள். அந்தக் காத்திருப்புத்தான் எனக்குப் பெரும் வேதனை, பெரும் சுகமும்கூட. மெதுவாகத் தின்பவர்களை அந்நாளில் நான் வெறுத்த அளவுக்கு ஜப்பான்காரனைக்கூட வெறுத்ததில்லை.

முறம் நிறைவதைக் கண்ட முதலாளிக்கு ஒருநாள் ஆசை வந்துவிட்டது. ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்டார்: "அஞ்சல, மங்கு கடையோடது, மேச கடையோடது. வர்றதுல பாதி கடைக்குத்தான சேரணும்?"

அம்மா வாளியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "மங்கு ஒங்களது, மேச ஒங்களது மொதலாளி. அது ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற எடம் சாப்புட்டவங்களது. அவுங்களக் கேளுங்க."

"எங்களக் கேட்டா, பாதி மரவட்ட தாறோம் மொதலாளி!" என்று ஒரு குரல் வந்தது. முதலாளியும் சேர்ந்து சிரிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பேச்சு பிறகு எழவில்லை.

மழைக்காலம் தொடங்கியதும் முத்துவின் காய்ச்சல் முற்றியது. நடுக்கம் நின்று பிதற்றல் வந்தது. என்னை அப்பா என்று கூப்பிட்டான். அம்மா யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கேட்டதாகிவிடும், கேட்டால் கை நீட்டியதாகிவிடும் என்பது அவள் கணக்கு. ஆனால் அவள் கைகள் அவளுக்கு அடங்கவில்லை. ஒருவர் மங்கில் தண்ணீர் நிரம்பி வழிந்து வேட்டியை நனைத்தது. இன்னொருவர் இலையில் ரசத்தின் மேல் ரசம் விழுந்தது. அவள் கண் பின்கட்டு வாசலிலேயே நின்றது.

காளியப்பன் கைகழுவும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் பாப்பா, ஒங்கம்மா மொகம் ஏன் இப்படி இருக்கு?"

"தம்பிக்குக் குளிர்காய்ச்சல் மாமா. கொயினா இல்ல" என்றேன். அவர் "ம்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். எல்லாரும் விரைவாகச் சாப்பிட்டார்கள். எவரும் கேலி பேசவில்லை. அம்மாவின் முகத்தையும் எவரும் பார்க்கவில்லை. கடைசி ஆள் இறங்கியதும் நான் முதல் மங்கைத் தூக்கினேன். ஒன்றுமில்லை. இரண்டாவதில் நெத்திலி. மூன்றாவதில் சிகரெட் ஈயத்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று. பிரித்தேன். பாதியாக உடைந்த வெள்ளை மாத்திரை. நாக்கு நுனியில் தொட்டேன்.

"அம்மா! கசக்குதும்மா! கசக்குது!"

கசப்புக்காக அப்படி மகிழ்ந்து கூவிய பிள்ளை உலகில் வேறு எதுவும் இருந்திருக்காது. அம்மா ஓடி வந்தாள். 'ப்ளக்', இன்னொரு மாத்திரை. 'ப்ளக்', ஒரு கட்டு நிலவேம்பு. 'ப்ளக்', கோயில் திருநீறு. 'ப்ளக்', யாரோ தன் காய்ச்சலுக்கென்று ஒளித்து வைத்திருந்த, வேர்வையில் மஞ்சள் பூத்த ஒரு முழு மாத்திரை! இருவருமாகக் கடை முழுதும் ஓடி ஓடித் தூக்கினோம். கொயினா வைக்க முடியாதவர்கள் மற்ற நாளைவிடக் கூடுதலாக வெல்லம் வைத்திருந்தார்கள், கசப்புக்குப் பின் பிள்ளை வாயில் போட. பணப்பெட்டிக்குப் பக்கத்தில் முதலாளி காப்பி குடித்த மங்கு இருந்தது. சந்தேகத்தோடு அதையும் தூக்கினேன். அதற்கு அடியிலும் ஒரு பாதி இருந்தது. அவர் மும்முரமாக நோட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

முத்து பிழைத்தான். யார் யார் வைத்தார்கள் என்று அம்மா கேட்கவில்லை. கேட்பது அவள் சட்டத்திலேயே இல்லை. நன்றி சொல்லத் துடித்த அவளுக்கு ஒரே வழிதான் இருந்தது: வருகிற ஒவ்வொருவரையும் அந்தக் கொயினாவை வைத்தவராகவே எண்ணிப் பரிமாறுவது. தலைப்பாகைக்காரருக்கும், மரவட்டைக்காரருக்கும், ஒன்றுமே வைத்தறியாதவருக்கும் நல்ல துண்டுகள் போயின. கருகின துண்டுகள் எல்லாம் அவள் தட்டுக்கு வந்தன.

உணவகத்தில் பரிமாறுபவருக்கு நாம் ஏன் தனியாக ஏதாவது தர வேண்டும், அதுதான் முதலாளி சம்பளம் கொடுக்கிறாரே என்று நண்பர்கள் வாதிடும்போது நான் வாதாடுவதில்லை. சம்பளம் வேலைக்கு உரியது. நல்ல துண்டைப் பார்த்து எடுத்து வைக்கும் கண்ணுக்கு எந்த முதலாளியும் சம்பளம் நிர்ணயித்ததில்லை. அதைப் பார்க்கக் கூடியவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஒருவரே.

சென்ற மாதம் இதே பட்டணத்தின் பாக்கார் ஆராங் பகுதியில் ஒரு புதிய உணவகத்துக்கு முத்துவும் நானும் போயிருந்தோம். ரயில் நிலையத்து எதிர்ச்சாரியில் அந்தக் கடை இல்லை. கடை இருந்ததை அறிந்தவர்களும் இல்லை. மங்கு என்றால் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. இங்கே காகிதக் குவளை, மேலே மூடி. ரசீதில் சேவைக் கட்டணத்தை எந்திரமே கூட்டிவிடுகிறது. பரிமாறிய இளைஞன், முத்துவின் நடுங்கும் கையைக் கவனித்து, மீன் துண்டின் முள்ளை ஓசையின்றி எடுத்துப்போட்டு வைத்தான். எழும்போது முத்து, வாழ்நாள் முழுதும் செய்து வருவதுபோல, ஒரு நோட்டை மடித்துக் காகிதக் குவளைக்கு அடியில் வைத்தான்.

நாங்கள் காரை அடைவதற்குள் பின்னால் காலடி ஓசை. அந்த இளைஞன் நோட்டைக் கையில் பிடித்தபடி மூச்சு வாங்க ஓடி வந்துகொண்டிருந்தான்.

"தாத்தா! தாத்தா! உங்க டுயிட்ட மேசையில மறந்துட்டீங்க லா!"

எனக்கு மணிக்கூண்டும், மாட்டுவண்டியும், உப்பைப் பொத்திக்கொண்டு ஓடிய அம்மாவும் கண்முன் வந்து நின்றார்கள். முத்து அவன் நீட்டிய கையை மெல்ல மூடி, நோட்டோடு அவன் பக்கமே திருப்பி வைத்தான்.

"மறக்கல தம்பி. நீ முள்ள எடுத்த பாரு, அத நான் பாத்தேன்."