சிவப்புப் பூ எனக்குத்தான் வந்தது

அண்ணா இல்லாமல் ஓர் ஆண்டைக் கடந்துவிட்டோம். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அவரை இங்கே கனடாவில், மோர்னிங்சைட் தொடர்மாடியில், இடது காலைச் சற்று இழுத்து நடக்கும் மனிதராகத்தான் தெரியும். அதற்கு முந்திய அண்ணாவை எழுதும் கடமை எனக்கு உண்டு. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். அப்படி ஆனதற்கும் அவரே காரணம்.

அண்ணா பிறந்தது வன்னிக் கரையோரத்தில், கடலை நம்பிய ஒரு சிற்றூரில். அப்பா கடலில் காணாமல் போனபோது அவருக்குப் பதினொரு வயது, எனக்கு ஐந்து. பள்ளிக்கூடத்தை ஏற்கெனவே விட்டிருந்த அவர், அடுத்த கிழமையே கரைவலை இழுக்கப் போனார். அம்மாவுக்கும் எழுத்துத் தெரியாது. நான் பள்ளிக்குப் போகாமல் ஒளியும் நாட்களில், உடுத்த ஈரச் சாரத்தோடு வந்து என் காதைப் பிடித்து வகுப்பு வாசல்வரை கொண்டுபோய் விடுவார்.

போர் இறுகிய காலத்தில், வீட்டுக்கு ஒருவர் இயக்கத்தில் சேரவேண்டும் என்று அறிவித்தார்கள். இயக்கப் பொறுப்பாளர் ஒருவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். யார் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று மூன்று நாள் தவணை தந்தார். அண்ணாவுக்கு அப்போது இருபத்துமூன்று, எனக்குப் பதினேழு. தான் போவதாக அண்ணா உடனே சொன்னார். அவர் போனால் உழைக்க ஆளில்லை. நான் போனால் படிப்பு இல்லை. அம்மா இரண்டுக்கும் தலையாட்டவில்லை.

"நான் பெத்த ரெண்டிலை ஒண்டை நான் காட்டமாட்டன். பிள்ளையார் சொல்லட்டும்," என்றார்.

பல வீடுகளில் அன்று அப்படித்தான் நடந்தது. பெயர் எழுதிச் சீட்டுப் போடுவார்கள். எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்தவன் நான் மட்டும் என்பதால், அம்மா பூக்கட்டிப் பார்ப்போம் என்றார். கலியாணப் பேச்சுக்குச் செய்வதுபோலத்தான். ஒரு வெற்றிலையில் சிவப்புச் செவ்வரத்தம்பூ, மற்றதில் வெள்ளை நந்தியாவட்டைப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து நூல் சுற்றி, கோயிலில் பிள்ளையாரின் காலடியில் வைத்தார். சிவப்பு வந்தவர் போகவேண்டும். எடுப்பவர்கள் குளித்து முழுகியிருக்க வேண்டும். அன்று மச்சம் தொட்டிருக்கக் கூடாது. மீன், இறைச்சி எதுவும் ஆகாது.

சின்னவன் நீ முதலில் எடு என்றார்கள். எடுத்தேன். நூலை அவிழ்க்கும்போதே ஓரத்தில் சிவப்புத் தெரிந்துவிட்டது.

அம்மா கோயில் தூணைப் பிடித்துக்கொண்டார். அண்ணா என் கையிலிருந்த பூவைப் பார்த்தார். தன் வெற்றிலையை அவர் பிரிக்கவே இல்லை.

"அம்மா, உது சரிவராது. நான் இண்டைக்கு விடியக் காலமை தங்கராசா வீட்டிலை மீன் திண்டிட்டன்," என்றார்.

தங்கராசா அண்ணை அவரோடு வலை இழுத்தவர். அம்மா அண்ணாவை நீண்ட நேரம் பார்த்தார். கோயிலில் வைத்து இப்படியா செய்வாய் என்று ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. பூக்கட்டியது பிழையாகிவிட்டது, நாளைக்கு முழுகிவிட்டுத் திரும்பக் கட்டுவோம் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் நான் எழும்பியபோது அண்ணா வீட்டில் இல்லை. விடியவே போய்ப் பெயர் பதிந்துவிட்டார் என்றார் அம்மா. அந்தக் கணத்தில் எனக்கு வந்தது கவலை அல்ல, ஆறுதல். பல ஆண்டுகளாக நான் யாருக்கும் சொல்லாத உண்மை இது.

நான் பரீட்சை எழுதிய மாதத்தில் அண்ணாவின் காலில் செல் குண்டுத் துண்டு பாய்ந்தது. போர் முடிந்து, முகாம் வாழ்க்கையும் முடிந்து, அவர் முதலில் கனடா வந்தார். பிறகு என்னைப் படிக்க அழைத்தார், அம்மாவையும் இங்கே எடுப்பித்தார். ஒஷாவாவில் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் அந்தக் காலோடு நின்று வேலை செய்தார். தபாலில் வரும் எல்லாவற்றையும் என் முன்னால் கொட்டி வாசிக்கச் சொல்வார். கடை விளம்பரத்தைத் தள்ளி வைத்தால், "அதையும் வாசி. உன்னைப் படிப்பிச்சது சும்மாவோ?" என்பார். ஆட்டிறைச்சி என்ன விலை என்று நான் செய்தி அறிவிப்பாளர் குரலில் வாசிக்க, அண்ணி சமையலறையிலிருந்து சிரிப்பார்.

ஈரலில் புற்று என்று தெரிந்த பிறகு, மருத்துவமனைக் கட்டிலருகே இருந்து ஒருநாள் கேட்டேன்: அன்றைக்கு உண்மையாகவே மீன் சாப்பிட்டீர்களா?

"ஓமடா. என்ன மீனெண்டுதான் ஞாபகமில்லை. நல்ல உறைப்பு," என்றார். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார்.

இறுதிக் கிரியைக்கு அஜக்ஸ் நகரிலிருந்து தங்கராசா அண்ணை வந்திருந்தார். அவரிடம் அந்தச் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார். அண்ணா இயக்கத்துக்குப் போன அந்தக் கிழமை முழுவதும் ஒரு வள்ளமும் கடலுக்குப் போக முடியவில்லையாம். ஊரில் எந்த வீட்டிலும் மீன் இல்லை. தன் வீட்டில் கஞ்சிதான் என்றார்.

முப்பத்தோராம் நாள் கிரியை கழிந்தபின் இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் அதிர்ச்சியடைவார் என்று பயந்திருந்தேன்.

"எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ? மீன்காரன்ரை பெண்சாதி நான்," என்றார்.

"தெரிஞ்சுகொண்டும் ஏனம்மா ஒண்டும் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீயெல்லோ போயிருப்பாய். போனா நீ திரும்பி வரமாட்டாய். அவன் வருவான் எண்டு ஒரு நம்பிக்கை."

ஒரு பிள்ளையையும் காட்டமாட்டேன் என்று சொன்ன அம்மா, அந்தக் கோயிலில் வாய் திறக்காமலே காட்டிவிட்டார். அந்தப் பாரத்தை இத்தனை ஆண்டுகள் தனியாகச் சுமந்திருக்கிறார்.

எங்கள் நன்றிக்கு உரியவர்கள் பலர். மருத்துவமனைக்கு முறைவைத்துக் கார் ஓட்டியவர்கள், அண்ணியையும் அவர்களின் மகளையும் ஒருநேரமும் பசிக்க விடாத மாடிக் குடும்பங்கள், வேலைக்கு லீவு போட்டு அண்ணாவின் கட்டிலருகே இருந்த தொழிற்சாலை நண்பர்கள், கிரியைகளை முன்னின்று நடத்திய உறவுகள் அனைவரையும் கைகூப்பி நினைக்கிறோம். அண்ணா, உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. படித்தும் என்ன.

இன்று மண்டபத்தில் அம்மா முன்வரிசையில் இருப்பார். அவரிடம் துக்கம் விசாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லாம் ஆண்டவன் தீர்ப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருந்து, அண்ணா உங்களைச் சிரிக்கவைத்த ஒரு கதையைச் சொல்லுங்கள். அம்மா கேட்டுக்கொண்டிருப்பார்.