மதினிக்கு அடுத்து யாருடைய சரித்திர நாவல்?

இத்தாவில் இருக்கும் ஒருத்திக்குக் காதல் கதை கொண்டுபோய்க் கொடுக்கலாமா? கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் இன்றுவரை பதில் தெரியவில்லை. மார்க்கம் தெரிந்த ஒருவரிடம் கேட்போம் என்று இரண்டு முறை தொலைபேசியைக் கையில் எடுத்தேன். கூடாது என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் இரண்டு முறையும் வைத்துவிட்டேன்.

மதினி என் கணவரின் மூத்த சகோதரி. மருதமுனையில் இருக்கிறார். அவருடைய கணவர் மௌத்தாகி, கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருக்கும் இத்தாவில் இப்போது பாதிக்கு மேல் கடந்துவிட்டார். முதல் வாரங்களில் ஓதினார், அழுதார், வந்தவர்களுக்குத் தலையாட்டினார். பிறகு ஒருநாள் என்னிடம் குரலைத் தாழ்த்தி, "புள்ள, லைப்ரரிப் பக்கம் போனா ராசா ராணிக் கதை ஏதும் எடுத்துட்டு வாவன். பள்ளிக்கூடத்தில படிக்கக்குள்ள வாசிச்சது" என்றார்.

அவருக்குத் துணையாக அங்கேயே தங்கியிருக்கும் மாமிக்குக் காது கூர்மை. "இத்தாவில இருக்கிறவளுக்கு ராசா ராணியா? நல்ல மருமகள்தான் எனக்கு வாய்ச்சிருக்கா" என்றார்.

முதலில் நான் தேர்ந்தெடுத்தவர் பாதுகாப்பான எழுத்தாளர். கப்பல், புயல், மாறுவேடத்தில் இளவரசி. காதலர்கள் சற்றே நெருங்கினால் எங்கிருந்தோ ஒரு குதிரை கனைத்துவிடும். நூலகத்தில் இருந்த அவருடைய பதினொரு நாவல்களையும் மதினி முடித்துவிட்டார். அடுத்து யார் என்பதில்தான் நான் தடுமாறினேன். ஒருவர் பெண்ணின் இடையை வர்ணிக்கவே மூன்று பக்கம் எடுக்கிறார். மாமி தற்செயலாக அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டால் என் கதி என்ன? இன்னொருவரின் காதல் கண்ணியமானது. கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன், இளவரசனுக்குத் திருமணம். அதையே எடுத்தேன்.

வீட்டில் மகளுக்குச் சோறு ஊட்டியபடி புரட்டியபோதுதான் கவனித்தேன். நடுவில், இளவரசனின் அண்ணனான ராசா போர்க்களத்தில் இறந்துபோகிறான். அவனுடைய ராணி மூன்று தாள் முழுக்க அழுகிறாள். மறுநாள் புத்தகத்தோடு வருவதாக மதினியிடம் சொல்லியாகிவிட்டது. நூலகப் புத்தகத்தில் ஒட்டவோ கிழிக்கவோ மனம் வரவில்லை. அந்தத் தாள்களைச் சேர்த்து ஒரு றப்பர் பேண்ட் போட்டு, 'இதில் போர் வர்ணனை மட்டும்தான். விட்டுவிட்டு வாசியுங்கள்' என்று துண்டுக் காகிதமும் செருகிக் கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்துப் போனேன். மதினி என் மகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே, "போர் வர்ணனையாம்" என்றார்.

"மதினி, நான் வந்து..."

"நீ கட்டி வெச்ச இடத்தத்தான் முதல்ல வாசிச்சன். மூடிக் கிடந்தா ஆருக்குத்தான் திறந்து பாக்கத் தோணாது?"

"அழுதீங்களா?"

"ஓம். நல்லா அழுதன். அதுக்கு என்ன இப்ப? இஞ்ச வாற ஒருத்தரும் இவர்ட பேச்சே எடுக்கிற இல்ல. மழை பெய்யுது, தேங்கா விலை ஏறிட்டு எண்டு கதைச்சுட்டுப் போறாங்க. நீயுந்தான்."

மகளின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தேன்.

"எனக்குக் கோவம் அந்த எழுத்தாளரிலதான்" என்றார் மதினி. "மூணு தாள் அழ வெச்சிட்டு, பொறகு அந்த ராணியக் காணல்ல. தம்பிக்குக் கலியாணம், ஊரெல்லாம் விளக்கு. அவ சாப்பிட்டாளா, உறங்கினாளா, ஒரு வார்த்தை இல்ல. எங்க போனா அவ?"

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மாமியின் குரல் வந்தது: "கலியாண வீட்டில பின்பக்கத்தில இருந்திருப்பா."

நான் திடுக்கிட்டேன். மதினியோ சிரித்துவிட்டார். "உம்மாவும் வாசிச்சிட்டா" என்று என் காதில் சொன்னார். பிறகு, "அடுத்த தரம் பாத்து எடு புள்ள. ராசா மௌத்தானாலும் ராணி கடைசி வரைக்கும் கதையில இரிக்கணும்" என்றார்.

அன்றிலிருந்து தேடுகிறேன். பெரும்பாலான நாவல்களில் கணவனை இழந்த ராணி தீயில் இறங்குகிறாள், அல்லது துறவியாகிறாள், அல்லது சூழ்ச்சிக்காரியாகிறாள். மகள் கீழ்த்தட்டுப் புத்தகங்களை இழுத்துப் போட, நான் மேல்தட்டுப் புத்தகங்களின் நடுப்பக்கங்களைப் புரட்டுகிறேன். யாரை எடுத்தாலும் இவர்தானா என்ற சந்தேகம் விடுவதில்லை.

இதை வாசிக்கும் நீங்கள் என்னைவிட அதிகம் வாசித்திருப்பீர்கள். ராசா போன பிறகும் ராணியைச் சாப்பிட வைத்து, உறங்க வைத்து, எப்போதாவது சிரிக்கவும் வைக்கும் சரித்திர எழுத்தாளர் யாராவது இருக்கிறாரா? இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். மதினிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.