ஒட்டி வைத்த கடைசிப் பக்கம்

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் ஏழு பேர். நான், என் கணவர், பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்த என் மகள், என் அம்மா, சிதம்பரத்திலிருந்து வந்த பெரியம்மா, பெரியம்மாவின் மகள், அவளுடைய எட்டு மாதக் கைக்குழந்தை. வாடகைக் காரின் டிரைவரைச் சேர்க்கவில்லை. அவர் உள்ளே வரவில்லை. ஆள் எண்ணுவது எனக்குப் பழக்கம். டம்ளர் போதுமா, பால் போதுமா, பெரியம்மா உட்கார ஆடாத நாற்காலி இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டே இருப்பேன். எங்கள் ஊர் குடிகாட்டில் காற்று திரும்பினால் கெமிக்கல் கம்பெனிப் பக்கத்து வாடை வீட்டுக்குள் வந்துவிடும். வந்தவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்களே என்று அதற்கும் சேர்த்துக் கவலைப்பட்டுக்கொண்டு டீ போட்டேன்.

தங்கச்சி ஒரு கட்டைப் பையை என் மடியில் வைத்தாள். பெரியம்மா மகளை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். “கண்டுபுடி பாப்போம்க்கா!” என்றாள். உள்ளே பன்னிரண்டு சின்னப் புத்தகங்கள். மஞ்சள் அட்டை, முதுகில் சிவப்பு எண். ‘தொட்டில் தோழிகள்’. ஒரு மலை ஊரில் மூன்று பெண்பிள்ளைகள், அக்கம்பக்கத்து வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கதை. கை பட்டதுமே அந்த அட்டையின் வழவழப்பு எனக்குத் தெரிந்துவிட்டது.

“பரண்ல இருந்துச்சுக்கா. நீ படிச்சுக் காட்டுவியே, கடைசில மூணு பேருக்கும் ஸ்வீட் குடுப்பாங்களே, அந்தக் கதை! அதான் பாப்பாவுக்கு நானும் ஸ்வீட்டோட வந்தேன்” என்று ஒரு அல்வாப் பெட்டியை என் மகள் கையில் கொடுத்தாள். அந்தப் பன்னிரண்டு புத்தகங்களில் எதிலும் யாரும் யாருக்கும் இனிப்புக் கொடுப்பதில்லை. அது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார்கள். தங்கச்சி வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். பிரசவ லீவு முடிந்துவிட்டது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பெரியம்மாவுக்கு முட்டி வலி. “ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒம்பொண்ணு சும்மாதானே இருக்கும். வெளியாளை நம்பிப் புள்ளய வுட முடியுமா? நம்ம வீட்டுப் பொண்ணுன்னா நிம்மதி” என்றார் பெரியம்மா. என் அம்மா உடனே தலையாட்டினாள். “கூட்டிட்டுப் போங்கக்கா. இங்க இருந்தா போனையே நோண்டிக்கினு கெடக்கும்.” என் கணவர் டிரைவருக்கு டீ கொடுத்துவிட்டு ஆச்சரியத்தோடு உள்ளே வந்தார். “மணிக்கு நூத்தம்பது ரூவா வெயிட்டிங்காம். சும்மா உக்காந்திருக்கறதுக்கு!” அப்புறம் அவரும் சொன்னார், “லீவுதானே, போயிட்டு வரட்டும்.” என் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பெரியம்மாவிடம் ஒரு வாரம் டைம் கேட்டேன். அதற்கு முன்னால் அவரிடம் எதையுமே கேட்டதில்லை நான்.

லீவுதானே என்ற வார்த்தையை எனக்கு நன்றாகத் தெரியும். ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்த மே மாதத்தில் இதே பெரியம்மா இதே வீட்டுக்கு வந்தார். அப்போது இது கூரை வீடு. “இந்த வாடையில புள்ளய வெச்சிருக்கியேடி, ஒரு மாசம் சிதம்பரத்துல இருந்துட்டு வரட்டும்” என்று அம்மாவிடம் சொன்னார். நான் சந்தோஷமாகத்தான் பஸ் ஏறினேன். தேர் பார்க்கலாம், கோயில் குளம் பார்க்கலாம் என்று நினைத்தேன். தங்கச்சிக்கு அப்போது மூன்று வயது. பெரியம்மா பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. அவர் மட்டும் போனார். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் நானாகவே, “எங்க ஸ்கூலும் தொறந்திருப்பாங்கல்ல பெரியம்மா?” என்றேன். “அடுத்த வாரம் பாக்கலாம்” என்றார். அந்த அடுத்த வாரம் ஆறு வருஷம் ஓடியது. எனக்குக் கல்யாணம் பேசி முடித்த பிறகுதான் ஊருக்கு வந்தேன்.

அந்த ஆறு வருஷத்தில் எனக்கென்று இருந்தது அந்தப் புத்தகங்கள்தான். பெரியப்பா தங்கச்சிக்காக ஒவ்வொன்றாக வாங்கி வந்தார். ஊட்டி முடித்து, குளிப்பாட்டி முடித்து, மத்தியானம் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு படித்துக் காட்டுவது என் வேலை. அடம்பிடிக்கும் பிள்ளையிடம் இரண்டு கரண்டியைக் கொடுத்துத் தட்டச் சொல்வது, பல் முளைக்கும் பிள்ளைக்கு ஈரத் துணியைச் சுருட்டிக் கடிக்கக் கொடுப்பது, எல்லாம் அதில் படித்து, தங்கச்சிக்கும் பின்னால் என் மகளுக்கும் செய்து பார்த்தவைதான். மூன்று பேரில் ஒருத்தி என்னைப்போலப் பயந்தாங்கொள்ளி. அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பாள். அவள் வரும் பக்கம் வந்தால் நான் குரலை உயர்த்திப் படிப்பேன். கொல்லைப்பக்கக் கதவைத் தினம் மூன்று முறை பார்த்துவிட்டு வரும் எனக்கு, நானும் அந்தக் கதைக்குள் ஒருத்தி என்று நினைப்பு.

ஒவ்வொரு கதையும் ஒரே மாதிரி முடியும். குழந்தையின் அம்மா வீடு திரும்புவாள், கடிகாரத்தைப் பார்ப்பாள், எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பாள். மூன்று பேரும் அதை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பார்கள். ஒரு மார்கழியில், தேர் பார்க்க வந்த பெரியம்மாவின் சிநேகிதிகள் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, அந்த இடத்தைச் சத்தமாகப் படித்துவிட்டேன். “மூன்று மணி நேரம், பதினைந்து ரூபாய்.” பெரியம்மா டம்ளரைக் கீழே வைத்தார். “கேட்டீங்களா? ஜாடையா எனக்குச் சொல்லிக் காட்றா. மகாராணிக்குச் சம்பளம் வேணுமாம்!” எல்லோரும் சிரித்தார்கள். ஒரு அம்மாள், “தங்கச்சியப் பாத்துக்கறதுக்குக் காசா? ஒட்டுமா அது ஒடம்புல?” என்றார். தங்கச்சிகூட ஒன்றும் புரியாமல் கைதட்டிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எத்தனையோ நாள் என் காதிலேயே இருந்தது. கோபித்துக்கொண்டு ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். ஊருக்குப் போகத்தான் உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தேன். ஆனாலும், பணம் கேட்டாள் என்ற பெயரோடு அனுப்பினால் அம்மா என்ன சொல்வாளோ என்று நடுங்கினேன். மறுநாள் சோற்றுப் பருக்கையை நசுக்கி, இருந்த புத்தகங்களில் எல்லாம் கடைசி இரண்டு பக்கங்களையும் சேர்த்து ஒட்டினேன். அப்புறம் வாங்கி வந்த புத்தகங்களையும் வந்த அன்றைக்கே ஒட்டினேன். முடிவை நானாகச் சொன்னேன். அந்த அம்மாள் மூன்று பேருக்கும் பாயசம் கொடுத்தாள். கேசரி கொடுத்தாள். ஜாங்கிரி கொடுத்தாள். தங்கச்சி வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு தூங்கிப்போவாள்.

இப்போது அந்த ஒரு வாரமும், தைக்க வந்த ஜாக்கெட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, பன்னிரண்டையும் படித்தேன். முதலில் சிரித்தேன், அந்தப் பயந்தாங்கொள்ளியைப் பார்த்து. நான்காவது புத்தகத்தில் சிரிப்பு நின்றது. எல்லாக் கதையும் எப்படித் தொடங்குகிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன். “பள்ளிக்கூட மணி அடித்தது.” ஒன்று விடாமல் எல்லாவற்றிலும். மணி அடித்து, பையை வீட்டில் வைத்துவிட்டுத்தான் அவர்கள் குழந்தை பார்க்கப் போகிறார்கள். குழந்தை தூங்கும்போது வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். இருட்டினால் சொந்த அம்மாக்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். ஆறு வருஷம் அந்த வரியை நான் வாய்விட்டுப் படித்திருக்கிறேன். படிக்கும் எனக்கு மணி அடிக்கவில்லை என்பது எப்படி உறைக்காமல் போனது?

பிசிறு வெட்டும் சின்னக் கத்தரியின் நுனியால் ஒட்டிய பக்கங்களை மெல்லப் பிரித்தேன். பருக்கை காய்ந்து பழுப்பாக இருந்தது. சில இடங்களில் எழுத்து உரிந்து எதிர்ப் பக்கத்துக்குப் போய்விட்டது. ஏழாவது புத்தகத்தின் கடைசியில் அந்தப் பயந்தாங்கொள்ளி, இரண்டு மணி நேரம் தாமதமாக வந்த அம்மாளிடம், நெஞ்சு படபடக்க, “அதற்கும் சேர்த்துக் கொடுங்கள்” என்று கேட்கிறாள். அந்த அம்மாள், “தப்பு என்மேல்தான்” என்று சொல்லிக் கொடுக்கிறாள். அதை நான்கு தடவை படித்தேன். அப்போது எனக்கு வந்த ஆத்திரம் பெரியம்மாமேல் மட்டும் இல்லை. இதைப் படிக்கத் தெரிந்திருந்தும் சோறு வைத்து ஒட்டிய அந்தப் பதின்மூன்று வயதுக் கையின்மேலும் வந்தது. பிறகு, அதைப் பயமுறுத்தியது யார் என்று யோசித்தேன். மறுபடியும் பெரியம்மாமேலேயே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தனியாகச் சிதம்பரம் பஸ் ஏறினேன். டிக்கெட்டைத் தொலைத்துவிடுவேனோ என்று கைக்குள்ளேயே வைத்து நசுக்கிக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டதைக் காதில் வாங்காமல், கீழ வீதியை ஒட்டிய அந்தச் சந்து வரைக்கும் நடந்தேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பெரியம்மா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தங்கச்சி மடியில் குழந்தை.

“புள்ள வரலியா?”

“அனுப்பல பெரியம்மா.”

“ஏன், வயசுப் பொண்ணுன்னு யோசிக்கிறியா? ஒங்க பெரியப்பாவும் இல்ல, மாப்பிள்ளயும் வெளியூரு. இங்க ஆம்பள யாரு இருக்கா?”

“அதுக்கில்ல. அது ஸ்கூலுக்குப் போவணும்.”

“தொறந்தா அனுப்பிட மாட்டோமா?”

“எனக்கும்தான் தொறந்துச்சு.”

பெரியம்மா முட்டியைத் தடவிக்கொண்டார். அப்புறம், “ஒனக்குப் படிப்பு ஏறல. நாங்க வெச்சுக் காப்பாத்துனோம்” என்றார்.

“ஏழாவதுல நாலாவது ரேங்க் பெரியம்மா நானு.” என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

பையிலிருந்து ஏழாவது புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். பழைய கூடம், பழைய ஃபேன் சத்தம். படித்து முடித்ததும் தங்கச்சி, “இது எங்கேருந்துக்கா வந்துச்சு? கதைலயே இல்லியே” என்றாள்.

“இருந்துச்சு. நான் ஒட்டிட்டேன். ஒங்கம்மா சிரிச்ச மறுநாளு.”

அவள் புத்தகத்தை வாங்கி, உரிந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள். பெரியம்மா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, “உண்ட வீட்டுக்கு ரெண்டகம்னு இதத்தான் சொன்னாங்க” என்றார். தங்கச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. “சம்பளம்தானேக்கா? பாப்பாவுக்கு மாசம் பத்தாயிரம் குடுத்துர்றேன். அனுப்பு” என்றாள். பத்தாயிரம் என்றால் எத்தனை ஜாக்கெட் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. என் கணவர் பக்கத்தில் இருந்திருந்தால் சரி என்றிருப்பார்.

“பாப்பாவுக்கு வேணாம்” என்றேன். “எனக்குக் குடு.”

கணக்கைச் சொன்னேன். அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்த அம்மாளுக்கு மாதம் முந்நூறு. மாதாமாதம் பெரியம்மா சொல்லி அவர் கையில் கொடுத்ததே நான்தான். காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம், அவ்வளவுதான் அவர் வேலை. எனக்கும் அதையே போட்டேன், ராத்திரி பகல் எல்லாவற்றுக்கும் சேர்த்து. எழுபத்திரண்டு மாதம், இருபத்தோராயிரத்து அறுநூறு. என் கல்யாணத்துக்குப் பெரியம்மா போட்ட தோட்டுக்கு அப்போதைய விலை ஆயிரத்து இருநூறைக் கழித்துவிட்டேன். மீதி இருபதாயிரத்து நானூறு. தீபாவளித் துணியைக் கழிக்கவில்லை. அந்த அம்மாளுக்கும்தான் புடவை கிடைத்தது. சாப்பாட்டையும் கழிக்கவில்லை. வட்டியும் போடவில்லை. பெரியம்மா, “வெளியே போடி” என்றார். போனேன்.

அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். “இருந்த ஒரு சொந்தத்தையும் வெட்டிப்புட்ட” என்று என் மகளிடம் சொல்லுகிற மாதிரி எனக்குச் சொல்கிறாள். அம்மாவிடமும் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது: ஜூன் மாதம் ஏன் என்னைக் கூப்பிட வரவில்லை? இன்னும் கேட்கவில்லை. மகள் அதை எல்லாம் கண்டுகொள்ளாமல், பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது என்று சிநேகிதியோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் தங்கச்சி என் போனுக்கு ஆயிரம் ரூபாய் அனுப்பியிருந்தாள். கீழே, ‘பாப்பாவுக்கு கிஃப்ட்’ என்று எழுதியிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம்பர் மாறிவிடுமோ என்று நான்கு தடவை சரிபார்த்துத் திருப்பி அனுப்பினேன். போன் அடித்தாள். “ஏன்க்கா?” என்றாள். “கிஃப்ட் இல்ல அது. என்னன்னு எழுதி அனுப்பு” என்று சொல்லி வைத்துவிட்டேன். இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. அவசரப்பட்டுவிட்டோமோ, குழந்தையை வைத்துக்கொண்டு தவிக்கிறாளோ என்றெல்லாம் எனக்குக் கவலை வந்தது. வந்தாலும் நான் போன் செய்யவில்லை. மூன்றாம் நாள் அதே ஆயிரம் திரும்ப வந்தது. கீழே, ‘அக்கா சம்பளம்’ என்று இருந்தது.

பாக்கி பத்தொன்பதாயிரத்து நானூறு ரூபாய்.