பந்து எங்கே என்று கேட்டவன்

போன ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி என் கடை வாசலில் நிற்காமல் போனது.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். லொறி என்றால் போகத்தானே செய்யும்?

எங்கள் ஃபுட்போல் கிளப்புக்கு வெளியில் மேட்ச் என்றால் ஆட்களை ஏற்றிப் போவது அந்த லொறிதான். விளையாடுகிறவர்கள், தப்பு மேளம் அடிக்கிறவர்கள், சும்மா கத்துவதற்கென்றே வருகிறவர்கள்... எல்லோரும் பின்னால். டிரைவருக்குப் பக்கத்துச் சீட் மட்டும் காலியாக வரும். சந்தியில் என் கடை முன்னால் நிற்கும். ஹோர்ன் இரண்டு தடவை. நான் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஏறுவேன். கோல் கீப்பராக நின்ற காலத்திலும் சரி, நிற்பதை விட்ட பிறகும் சரி — நாற்பது வருஷமாக அந்தச் சீட் என்னுடையது.

போன ஞாயிறு ஃபைனல். வட்டவளைப் பக்கத்தில் மைதானம். வெள்ளைச் சட்டை போட்டு, சப்பாத்தைத் துடைத்து, பத்தரை மணிக்கே வாசலில் நின்றேன். லொறி வந்தது. வளைவில் கொஞ்சம் வேகம் குறைந்தது. பிறகு போய்விட்டது.

அந்தச் சீட்டில் வேறு யாரையாவது உட்கார வைத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். காலியாகவே கொண்டு போனார்கள்.

பேப்பரில் வருகிற இந்தப் பத்தியை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத் தொழிலாளர் லயத்தில், ஒற்றைக் காம்பராவில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்றைக்கு இந்தச் சந்தியில் சிமெந்து, தகரம், பெயின்ட் என்றால் என் கடைதான். ஹட்டன் போகிற இந்த ரோட்டில் முதல் மாடி வீடு என்னுடையது. படித்தவர்கள் எழுதுகிற பேப்பரில் படிக்காத நானும் எழுதுகிறேன். நீங்கள் முதலில் புரட்டுவது என் பக்கத்தைத்தான் என்று ஆசிரியரே சொன்னார். எங்கள் மைதானத்தில் நிற்கிற கோல் கம்பங்களும் வலையும் நான் கொடுத்தவை. சொல்லிக் காட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

சரி, சொல்லிக் காட்டுகிறேன்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஃபைனலுக்கு இரண்டு வாரம் முன்னால் கலா டீச்சர் கையில் போனோடு கடைக்கு வந்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கிளப்புக்குச் செயலாளர். கிளப்பின் ஃபேஸ்புக் பக்கத்தை நடத்துவதும் அவர்தான்.

“மாமா, இப்ப லைவ் போறோம். அந்த கப் கதையச் சொல்லுங்க.”

அந்த கப் என்றால் எந்த கப் என்று எங்கள் தோட்டத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் கிளப் ஜெயித்ததே ஒரு கப்தான். நான் கீப்பராக நின்ற ஃபைனல்.

எங்கள் பக்கம் ஃபுட்போல் ஆடுகிறவன் முதலில் பனிமூட்டத்தோடு ஆட வேண்டும். மலையிலிருந்து அது இறங்கிவிட்டால் மைதானத்தின் நடுவில் நிற்பவனுக்குக் கோல் தெரியாது. அதற்காக மேட்சை நிறுத்தினால் வருஷத்தில் பாதி நாள் ஆட முடியாது. அதனால் எங்கள் டீமில் ஒரு வழக்கம் இருந்தது. மூட்டம் இறங்கியதும் கோலுக்கு முன்னால் காவல் நிற்கிற ஃபுல்பேக் குரல் கொடுப்பான்: “கீப்பரு, இருக்கியா?” கீப்பர் சொல்ல வேண்டும்: “இருக்கேன்.” அந்தச் சத்தத்தை வைத்துத் தன் கோல் எந்தத் திசை என்று அவன் பிடித்துக்கொள்வான். பந்து கோலுக்குக் கிட்டே வந்துவிட்டால் அடுத்த கேள்வி: “பந்து எங்க?” கீப்பர் பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

இரண்டு கம்பத்துக்கு நடுவில், நாலு பக்கமும் வெள்ளையாக, ஒற்றை ஆளாக நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும்... அந்தக் குரல் எவ்வளவு பெரிய துணை என்று.

என் ஃபுல்பேக் சவரிமுத்து. அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கப் கதை இதுதான். ஒரு கோல் அடித்து நாங்கள் முன்னால் நிற்கிறோம். கடைசி நிமிஷம். கண் தெரியாத மூட்டம். பக்கத்துத் தோட்டத்து ஃபோர்வர்ட் அருள்தாஸ் ஓங்கி உதைக்கிறான். நான் பாய்ந்து பந்தைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறேன். விசில். கப். பந்தை அணைத்தபடி நான் நிற்கிற படம் கிளப் அறையில் தொங்குகிறது.

நாற்பது வருஷமாகச் சொல்கிற கதை. டீச்சரிடமும் சொன்னேன். பாதியில் அவர் கொட்டாவியை அடக்கினார். என் கதைக்குக் கொட்டாவியா? இதுவரைக்கும் யாரிடமும் காட்டாத சரக்கு ஒன்றை எடுத்து வைக்கலாம் என்று தோன்றிவிட்டது.

“டீச்சர், உண்மையில பந்து கோட்டத் தாண்டிருச்சு. ஒரு சாண் உள்ள போயி சேத்துல நின்னுருச்சு. அப்ப வலையெல்லாம் கெடையாது. நான் இழுத்து நெஞ்சுல வச்சுக்கிட்டேன். ரெப்ரி மூட்டத்துக்குள்ள இருந்து ஓடி வந்து பாக்குறாரு, பந்து கீப்பரு கையில. கால்ல வெளையாடுறவன் எத்தனையோ பேரு இருக்கான் டீச்சர். மூளையால வெளையாடுனவன் நான் ஒருத்தன்தான்.”

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் போனை மெதுவாகக் கீழே இறக்கினார்.

“மாமா... இது லைவ்.”

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் கொமென்ட் வரத் தொடங்கிவிட்டது. எழுத்துக்கூட்டி ஒவ்வொன்றாக வாசித்தேன். டோஹாவில் வேலை செய்கிற ஒருவர் எழுதியிருந்தார்: “எங்கப்பா அந்த கப் கதையச் சொல்லித்தான் எனக்கு சோறு ஊட்டுனாரு. இப்ப நான் என்னா செய்ய, தின்ன சோத்தக் கக்கவா?” இன்னொருவர்: “பக்கத்துத் தோட்டத்துக்காரன் மூஞ்சியில நாளைக்கு எப்புடி முழிக்கிறது?” பக்கத்துத் தோட்டத்துக்காரரும் சும்மா இருக்கவில்லை: “கப்ப நல்லா கழுவி அனுப்பி வைங்க. அலமாரியில எடம் ஒதுக்கியாச்சு.”

திட்டினவர்களை நான் தாங்கிக்கொண்டேன். கோல் கம்பத்துக்கு நடுவில் நின்றவனுக்குத் திட்டு புதிதா? எனக்காகப் பரிந்து பேசியவர்களைத்தான் தாங்க முடியவில்லை. “விடுங்கப்பா, பாவம். வயசாயிருச்சு. ஞாபகம் பெசகிருச்சு. கப்பு நம்ம கப்புதான்.” இதற்குத்தான் அதிகம் லைக்.

எனக்கா ஞாபகம் பிசகியது? முதல் மூட்டை சிமெந்து யாருக்கு விற்றேன், அவர் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்று இப்போதும் சொல்வேன். பொய் சொன்ன நாற்பது வருஷமும் நம்பினார்கள். ஒரு நாள் உண்மை சொன்னேன்... புத்தி கலங்கியவன் ஆகிவிட்டேன்.

கடைக்கு வருகிறவர்கள் வந்தார்கள். ஆணி வாங்கினார்கள், போனார்கள். முன்பெல்லாம் ஒரு ஆணிக்கு அரை மணி நேரம் நின்று பேசுவார்கள். டீச்சருக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

“கிளப்புல என் போட்டோவ எடுத்துட்டாங்களா?”

“எடுக்கல மாமா. செவுத்துப் பக்கமா திருப்பி மாட்டிருக்காங்க.”

இதுகூடப் பெரிசில்லை. சவரிமுத்துவுக்கு வருகிறேன்.

என் மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். மூத்தவன் கொழும்பில், இளையவன் கட்டாரில். இரண்டு மாடி வீட்டில் நான் ஒருத்தன். மேல் மாடிக்கு ஏறிப் பல மாதம் இருக்கும். பகல் முழுக்கக் கடை, நாலு மணிக்குச் சவரிமுத்து — என் நாள் அவ்வளவுதான். நாலு மணிக்கு நானே இஞ்சி தட்டிப் போட்டு இரண்டு பிளேன் டீ ஊற்றுவேன். அவன் சீனியை உள்ளங்கையில் வாங்கி நக்கிக்கொண்டு குடிப்பான். பேசுவது நான். கேட்பது அவன். என்னை இந்த அளவுக்குக் கேட்ட காது இந்த உலகத்தில் வேறு இல்லை.

லைவுக்கு மறுநாள் நாலு மணிக்கு வந்தான். உட்காரவில்லை. சீனிக்குக் கையும் நீட்டவில்லை.

“ஏன்டா, அன்னைக்கு மூட்டத்துக்குள்ள இருந்து நான் ஒன்கிட்ட ஒன்னு கேட்டனா இல்லையா?”

“எத?”

“பந்து எங்கன்னு.”

“கேட்ட.”

“நீ என்னா சொன்ன?”

“கையிலன்னு சொன்னேன். கையிலதானே இருந்துச்சு?”

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். இவன் கிளப்பைப் பற்றியோ கப்பைப் பற்றியோ பேச வரவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“ஊருக்கு என்னா வேணா சொல்லிக்க. ரெப்ரிய ஏமாத்து. கேட்டது நான்டா.”

“சவரி, ஒக்காரு. டீ ஆறுது.”

“அருள்தாஸ் மச்சான் செத்து ஒரு வருஷம் ஆச்சு,” என்றான். போய்விட்டான்.

பந்தை உதைத்த அருள்தாஸ், சவரிமுத்துவின் மனைவிக்குக் கூடப் பிறந்த அண்ணன். அந்த ஃபைனலுக்குப் பிறகு வந்த ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் மச்சான் வீட்டில் சாப்பாட்டுக்கு நடுவில் இதே பேச்சு. “கோல்டா அது,” என்பாராம் அருள்தாஸ். “என் கீப்பரு கையிலன்னு சொன்னான். அவன் என்கிட்ட பொய் சொல்ல மாட்டான்,” என்பானாம் இவன். ஒரு வருஷம் பேச்சு முற்றி, அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்திச் சத்தியமே பண்ணியிருக்கிறான். அருள்தாஸைப் பொய்யன் என்று சொல்லிவிட்டு வந்தவன், அதோடு கிறிஸ்மஸுக்கு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. மனைவியை மட்டும் அனுப்புவான்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். நாலு மணிக்கு அவன் வாயாலேயே கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு, “விடுடா, தோத்தவன் அப்புடித்தான் பேசுவான்,” என்று இன்னொரு டீ ஊற்றியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. நான் இரண்டு டீ ஊற்றுவதை நிறுத்தவில்லை. பழக்கம். அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாமே என்கிறீர்கள். இரண்டு தடவை அவன் லயத்துப் பாதை வரைக்கும் போனேன். மன்னிப்பு என்ற சொல்லை நான் வாழ்க்கையில் பழகவில்லை. சிமெந்து, தகரம், பெயின்ட்... என்னிடம் இருந்ததெல்லாம் அதுதான். திரும்பி வந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை லொறி போன பிறகு சந்தியில் ஒரு ஈ காக்கை இல்லை. எல்லோரும் மேட்சுக்கு. மூன்று மணிக்கு மேல் மூட்டம் இறங்கியது. எதிர்க் கடைப் பலகை மறைந்தது. ரோடு மறைந்தது. என் கடை வாசல் படி மட்டும் மிச்சம். நாலு மணிக்கு டீ ஊற்றி, இரண்டு கப்பையும் மேசையில் வைத்து, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

ரோட்டில் ஒரு இருமல். எனக்குத் தெரிந்த இருமல். அவனும் மேட்சுக்குப் போகவில்லை.

“கீப்பரு.”

நான் எழுந்து நின்றேன்.

“கீப்பரு, இருக்கியா?”

“இருக்கேன்.” அவனுக்குக் கேட்டிருக்காது. திரும்பவும் சொன்னேன். “இருக்கேன்டா.”

மூட்டத்தில் ஆள் தெரியவில்லை. நிழல்கூடத் தெரியவில்லை.

“பந்து எங்க?”

“உள்ள.”

“எவ்வளவு உள்ள?”

நான் யோசித்தேன். லைவில் ஒரு சாண் என்று சொன்னேன். மேலே உங்களுக்கும் ஒரு சாண் என்றுதான் எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

“ஒரு முழம்,” என்றேன். “முழத்துக்கும் மேல.”

உள்ளே வருவான் என்று அவன் உட்காருகிற மற்றக் கதிரையைக் கொஞ்சம் இழுத்துப் போட்டேன். செருப்புச் சத்தம் கேட்டது. கிட்டே வருகிறதா, தூரப் போகிறதா என்று மூட்டத்தில் சட்டென்று தெரியாது. கேட்டுக்கொண்டே இருந்தேன். தூரப் போனது. மேலே, லயத்துப் பக்கம்.

ஆறு மணிக்கு லொறி திரும்பி வந்தது. தப்பும் ஹோர்னும் ஒரே சத்தம். ஜெயித்துவிட்டார்கள். என் வாசலில் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் டீச்சர் கப்போடு படம் போட்டார். அதற்குக் கீழே முதல் கொமென்ட்: “இதுதான் நம்ம முதல் கப்பு.”

நானும் ஒரு லைக் போட்டேன். சரியாகத்தானே சொல்கிறான்?

இதை எழுதுவது புதன்கிழமை. சவரிமுத்து இன்னும் வரவில்லை. நாளைக்கும் நாலு மணிக்கு இரண்டு கப் ஊற்றுவேன். அவன் வராவிட்டால் இரண்டையும் நானே குடிப்பேன்.

என் தேத்தண்ணியின் ருசி அப்படி.